சின்ன மாப்பிள்ளைக்கு வாங்கிய வாட்ச்

என் தங்கையின் மேல் எனக்குப் பொறாமை. வருத்தம், ஆதங்கம், மனத்தாங்கல் என்றெல்லாம் மரியாதையான பெயர்கள் வைத்துப் பார்த்தேன். எதுவும் ஒட்டவில்லை. பச்சைப் பொறாமைதான். அது என்னை எவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போகும் என்பது, அவளுடைய நிச்சயதார்த்தத்துக்காகத் தஞ்சாவூரில் வாட்ச் எடுக்கப் போனபோதுதான் எனக்கே தெரிந்தது.

எங்கள் அப்பாவுக்கு இரண்டும் பெண்கள். எனக்கும் தங்கைக்கும் பதினோரு வயது வித்தியாசம். நான் அரசுப் பள்ளி ஆசிரியை. திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் பன்னிரண்டு வருஷமாகிறது. என் வீட்டுக்காரர் விவசாயம். பி.எஸ்ஸி. முடித்து, திருச்சியில் ஒரு கம்பெனியில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, எவனிடமும் கைகட்டி நிற்க முடியாது என்று வயலுக்கே திரும்பி வந்தவர். தங்கைக்குச் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. அவளுக்கு அமைந்த மாப்பிள்ளைக்கும் அதே வேலை, இன்னும் பெரிய சம்பளம். தாராசுரத்தில் இருக்கும் எங்கள் அப்பா, அந்தச் சம்பந்தம் முடிவான நாளிலிருந்து கால் தரையில் பாவாமல் நடந்துகொண்டிருந்தார்.

எங்கள் வழக்கத்தில், நிச்சயதார்த்தத்தின்போது பெண்ணுடைய அண்ணனோ தம்பியோதான் மாப்பிள்ளையின் கையில் வாட்ச் கட்டிவிட வேண்டும். என் நிச்சயதார்த்தத்தில் யாரும் கட்டவில்லை. கட்டிவிடச் சகோதரன் இல்லை என்பது ஒரு பக்கம். அப்பா அன்றைக்குச் சபையில் சொன்ன காரணம் வேறு. "வயல்ல எறங்குறவருக்கு வாட்ச் எதுக்குங்க? தண்ணி பட்டு ரெண்டே மாசத்துல நின்னுடும். மோதிரமாப் போட்டுடுறேன்." எல்லாரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரரும் கூடச் சேர்ந்து சிரித்தார். நான் மட்டும் சிரிக்கவில்லை. பன்னிரண்டு வருஷத்தில் அந்தச் சிரிப்பை நான் ஒரு நாளும் மறந்ததில்லை.

இப்போது அதே அப்பா போன் செய்தார்.

"ஏம்மா, சின்ன மாப்பிள்ளைக்கு வாட்ச் எடுக்கணும். ஆபீசுக்கும் போடுற மாதிரி இருக்கணுமாம், விசேஷத்துக்கும் போடுற மாதிரி இருக்கணுமாம். நீதான் விவரமானவ. மாப்பிள்ளையையும் அழைச்சுக்கிட்டுத் தஞ்சாவூர் போயி நல்லதா ஒண்ணு எடுத்தாந்துடு. விலையப் பார்க்காத. நிச்சயத்தன்னிக்கு நம்ம மாப்பிள்ளைதான் மச்சான் ஸ்தானத்துல நின்னு கட்டிவிடணும், சொல்லிடு."

விலையைப் பார்க்காதே என்றது ஒன்று. அதற்குமேல் இன்னொன்று. தன் கையில் யாரும் வாட்ச் கட்டிவிடாத மனுஷன், இன்னொருத்தன் கையைப் பிடித்துக் கட்டிவிட வேண்டுமாம். அதைச் சொல்லும்போது அப்பாவின் குரலில் ஒரு தயக்கம்கூட இல்லை. அவருக்கு அது நினைவிலேயே இல்லை என்பதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"சரிப்பா" என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன்.

அன்று சாயங்காலமே தங்கையின் குரல் செய்தி வந்தது. "அக்கா, அவருக்கு மினுக்குனா பிடிக்காது. சிம்பிளா, மெலிசா இருக்கணும். ஜீன்ஸுக்கும் போடணும், கோட்டுக்கும் போடணும், வேட்டி சட்டைக்கும் போடணும். எல்லாத்துக்கும் ஒரே வாட்ச். ப்ளீஸ்க்கா." கூடவே ஏழெட்டுப் படங்கள். என் வீட்டுக்காரர் கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் ஒரே வெள்ளைச் சட்டையில் போய்வருகிறவர். நேரம் பார்க்க வேண்டுமென்றால் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, கண்ணாடியில் ஒட்டிய சேற்றை நகத்தால் சுரண்டிவிட்டுப் பார்ப்பார். நான் தங்கைக்குக் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பிவிட்டு அடுப்படிக்குப் போய்ப் பாத்திரங்களை டமார் டமார் என்று வைத்தேன்.

தை மாதம். சம்பா அறுப்பு நேரம். அறுப்பு மிஷின் இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று அவர் காத்துக்கொண்டிருந்த சமயம். அதிலும் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கி, குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தார். "கெளம்பு, நல்லதா எடுத்துட்டு வருவோம்" என்றார். அந்த உற்சாகமும் எனக்குப் பிடிக்கவில்லை.

கடை பெரியது. ஏ.சி. போட்டு, கண்ணாடிப் பெட்டிகளுக்குள் விளக்கெரிந்துகொண்டிருந்தது. கடைக்காரர் ஐம்பது வயதிருக்கும், பொறுமைசாலி. "யாருக்கு மேடம்?" என்றார். "மாப்பிள்ளைக்கு" என்றேன். அது பொய்யில்லை, எந்த மாப்பிள்ளைக்கு என்று சொல்லவில்லை, அவ்வளவுதான்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதலில் நான் கை காட்டியது இருப்பதிலேயே அசிங்கமான ஒன்றை. அப்பளம் அகலத்துக்குத் தங்க முலாம், சுற்றிலும் நீலக் கற்கள், நடுவில் மூன்று குட்டி வட்டங்கள். அதைக் கட்டிக்கொண்டு அந்தச் சென்னைப் பையன் ஆபீசில் நிற்பதை நினைத்தாலே எனக்கு மனசு குளிர்ந்தது. "இது நல்லாயிருக்கே" என்றேன்.

என் வீட்டுக்காரர் அதைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு என் காதருகே குனிந்தார். "ஏய், பாவம், அந்தத் தம்பி இத எப்படி ஆபீசுக்குப் போட்டுக்கிட்டுப் போவாரு? உன் தங்கச்சிதான் மெலிசாக் கேட்டுச்சே." பிறகு கடைக்காரரிடம், "எல்லாத்துக்கும் ஆகுற மாதிரி ஒண்ணு எடுத்துக் காட்டுங்க" என்றார்.

கடைக்காரர் ஒரு தட்டில் ஆறு வாட்சுகளை வரிசையாக வைத்தார். "டிரெஸ் வாட்சுன்னா தட்டையா இருக்கணும் சார். முழுக்கை சட்டை போட்டு பட்டன மாட்டுனா, கைக்குள்ள வழுக்கிக்கிட்டுப் போகணும். துருத்திக்கிட்டு நின்னா அது டிரெஸ் வாட்சு இல்ல." லெதர் பட்டை வைத்ததைத் தொட்டுப் பார்த்தேன். "நம்ம ஊரு வேர்வைக்கு லெதர் ஒரு வருஷம் தாங்காது மேடம், நாத்தம் வேற வந்துடும். ஸ்டீல் செயின் எடுங்க. ஜீன்ஸுக்கும் ஒத்துக்கும், வேட்டிக்கும் ஒத்துக்கும். கோட்டு போடுற அன்னிக்கு வேணும்னா கறுப்புப் பட்டை மாத்திக்கலாம்." டயல் வெள்ளையாக இருந்தால் எந்த நிறச் சட்டைக்கும் சேரும் என்றார். தேதி, கிழமை, எண்கள் எல்லாம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு கௌரவம் என்றார்.

அந்த ஆறில் ஒன்று அப்படியே இருந்தது. பாலாடை நிறத்தில் டயல், எண்களுக்குப் பதில் மெல்லிய கோடுகள், கறுப்பு முட்கள், அதிகம் பளபளக்காத ஸ்டீல். "சார், கையைக் கொடுங்க. கட்டிப் பார்த்தாத்தான் தெரியும்" என்று கடைக்காரர் என் வீட்டுக்காரரின் இடது கையை இழுத்து அதை மாட்டினார். செயின் தொளதொளவென்று இருந்தது. கடைக்காரர் அதை அடியில் விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சுருட்டிவிட்டிருந்த சட்டைக்கையை இறக்கி பட்டனை மாட்டச் சொன்னார். மாட்டினார். வாட்ச் உள்ளே போய், ஓரம் மட்டும் தெரிந்தது.

வெயிலில் காய்ந்து, எலும்பும் நரம்புமாக இருக்கும் அந்தக் கை, கல்யாணமான நாளிலிருந்து நான் பார்க்கிற கைதான். அந்த வாட்ச் அதில் ஏறியதும் யாரோ பெரிய அதிகாரியின் கை மாதிரி இருந்தது. அவர் திருச்சி வேலையை விடாமல் இருந்திருந்தால் இப்படித்தான் இருந்திருப்பார் என்று ஒரு கணம் தோன்றியது. உடனே, வயலில் இருந்தால்தான் என்ன, இந்தக் கைக்கு இது கூடாதா என்றும் தோன்றியது. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. கோபத்தில்தான்.

"நல்லாயிருக்குல்ல?" என்றார் அவர், கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே. "தம்பிக்கு ரொம்பப் பிடிக்கும்." கடைக்காரர் அப்போது பெட்டி எடுக்கத் திரும்பியிருந்தார். அவர் மனதில் எதுவுமில்லை. அப்போது அவருடைய போன் அடித்தது. மிஷின்காரர். வாட்சைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, கடையின் சத்தத்தில் காது கேட்கவில்லை என்று வாசலுக்குப் போனார்.

கடைக்காரர் வாட்சை எடுத்தார். "சாருக்கு செயின்ல நாலு கண்ணி எடுக்கணும் மேடம். அளவு பார்த்துட்டேன். எடுத்துடட்டுமா?"

சாருக்கு இல்லை, என் தங்கையின் மாப்பிள்ளைக்கு என்று சொல்ல ஒரு நொடி போதும். அந்தத் தம்பியின் கை அளவு எனக்குத் தெரியாது, யாரும் சொல்லவுமில்லை என்று பிற்பாடு எனக்கு நானே எத்தனையோ முறை சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதெல்லாம் சாக்கு. புருஷனுக்கு வாட்ச் எடுக்க வந்த பெண்டாட்டியாக இரண்டு நிமிஷம் இருந்துவிட வேண்டும் என்று வெறி. அதுதான் நடந்தது.

"எடுத்துடுங்க" என்றேன்.

சின்ன ஊசி ஒன்றால் தட்டித் தட்டி நான்கு கண்ணிகளைக் கழற்றினார். செயினைச் சேர்த்து, துடைத்து, பெட்டியில் வைத்தார். கழற்றிய கண்ணிகளைக் குட்டிப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, "பின்னாடி சதை போட்டா தேவைப்படும், பத்திரமா வெச்சுக்குங்க" என்று நீட்டினார். கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு என் வீட்டுக்காரர் உள்ளே வந்துகொண்டிருந்தார். அந்த உறையைப் பார்த்தால் என்னவென்று கேட்பார். "வேணாங்க, நீங்களே வெச்சுக்குங்க" என்று அதைத் திருப்பித் தள்ளினேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, அதைப் பக்கத்திலிருந்த டப்பாவுக்குள் போட்டார்.

நிச்சயதார்த்தம் கும்பகோணத்தில் ஒரு மண்டபத்தில். இடைப்பட்ட பத்து நாளில் நான் அதைச் சொல்லியிருக்கலாம், கடைக்குப் போய்ச் சரிசெய்திருக்கலாம். பீரோவைத் திறக்கும்போதெல்லாம் பெட்டி கண்ணில் படும். திறந்து பார்ப்பேன், மூடிவிடுவேன். அந்தத் தம்பியும் ஒல்லியாகத்தான் இருப்பார் என்று வைத்துக்கொண்டேன். போட்டோவில் முகத்தை மட்டும்தானே பார்த்திருந்தேன்.

மேடையில் அவரை நேரில் பார்த்ததும் எனக்கு உயிர் போய்விட்டது. ஆள் வாட்டசாட்டமாக இருந்தார். ஜிம்முக்குப் போகிற உடம்பு. சட்டைக்கை மணிக்கட்டில் பிடித்துக்கொண்டு நின்றது.

தாம்பாளத்தில் பழங்களுக்கு நடுவே பெட்டியை வைத்துக் கொடுத்தார்கள். என் வீட்டுக்காரர் அதைத் திறந்து, வாட்சை எடுத்து, எல்லாருக்கும் ஒருமுறை காட்டினார். வீடியோக்காரர் கிட்டே வந்து குனிந்தார். புது மாப்பிள்ளை சிரித்த முகத்துடன் கையை நீட்டினார். வாட்ச் கையில் ஏறவே இல்லை. என் வீட்டுக்காரர் கொக்கியைக் கழற்றிச் சுற்றி வைத்துப் பார்த்தார். இரண்டு முனைகளுக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி. "ஒரு நிமிஷம் தம்பி" என்று சொல்லி இழுத்துப் பிடித்தார். சதை பிதுங்கியது. அந்தத் தம்பி மரியாதைக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். "ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம்." என் வீட்டுக்காரரின் நெற்றியில் வேர்த்தது. மேளக்காரர்கள் என்ன ஏதென்று தெரியாமல் வாசித்துக்கொண்டே இருந்தார்கள்.

அவர் தலையைத் தூக்கிக் கூட்டத்தில் என்னைத் தேடினார். நான் குனிந்து புடவைக் கொசுவத்தைச் சரிசெய்தேன்.

"யாரு கைக்குங்க அளவு வெச்சீங்க?" என்று மாப்பிள்ளையின் சித்தப்பா ஒருவர் கேட்டார். கேலிப் பேர்வழி. "கட்டிவிடறவரு கைக்குத்தான் போட்டுப் பாருங்களேன்." அவரே வாட்சை வாங்கி என் வீட்டுக்காரரின் கையில் மாட்டிவிட்டார். கொக்கி டக்கென்று விழுந்தது. அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்தது. மேடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அது கீழே உட்கார்ந்திருந்தவர்களுக்கும் பரவியது.

நான் அப்போதாவது எழுந்து போயிருக்க வேண்டும். போகவில்லை. அவர்தான் பேசினார். "கடைக்காரரு என் கையில வெச்சுப் பார்த்தாரு. அதே அளவுக்குச் செஞ்சுட்டாரு போலருக்கு. நான்தான் கவனிக்கல. தப்பு என்னுதுதாங்க."

"கழட்டுன கண்ணி இருக்குமே, சேர்த்துக்கலாமே" என்று யாரோ சொன்னார்கள். அதற்குள் மாப்பிள்ளையின் அம்மா எங்கள் அப்பாவிடம் மெதுவாக, ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படி, "வேணாங்க சம்பந்தி. ஒருத்தர் கைக்கு வெட்டுனத ஒட்டவெச்சு என் பையனுக்குக் கட்ட வேணாம். நல்ல நாளும் அதுவுமா" என்றார்.

அப்பாவின் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் சபையைச் சமாளிக்கிற சாமர்த்தியம் அவருக்கு எப்போதும் உண்டு. சட்டென்று குரலை உயர்த்தினார். "அதுக்கென்னங்க, சின்ன மாப்பிள்ளைக்கு இதைவிட நல்லதா நாளைக்கே எடுத்துடுறேன். இது பெரியவரு கையிலயே இருக்கட்டும். பாவம், ஆசைப்பட்டுட்டாரு."

பன்னிரண்டு வருஷமாக நான் கேட்க நினைத்ததுதான். அப்பா, சபை நடுவில், தன் பெரிய மாப்பிள்ளைக்கு வாட்ச் கொடுத்துவிட்டார். கூட்டம் மறுபடியும் சிரித்தது. என் வீட்டுக்காரரும் சிரித்தார். இந்தத் தடவை அந்தச் சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டது.

கழற்றினால் மாமனார் கொடுத்ததை மறுத்ததாகும் என்று அவர் அதைக் கழற்றவில்லை. சாப்பாட்டுப் பந்தியில் இடது கையை இலைக்குக் கீழே, மடியில் வைத்துக்கொண்டே சாப்பிட்டார். அந்தச் சித்தப்பா எதிர்ப்பந்தியில் இருந்துகொண்டு, "பெரிய மாப்பிள்ளை, டைம் என்னங்க?" என்று இரண்டு தடவை கேட்டார். இரண்டு தடவையும் இவர் கையைத் தூக்கிப் பார்த்துச் சரியான நேரத்தைச் சொன்னார். தங்கை என் காதருகே வந்து, "அத்தானுக்குப் பிடிச்சிருந்தா சொல்லியிருக்கலாமேக்கா, ரெண்டா எடுத்திருக்கலாம்" என்றாள். குரலில் குத்தல் இல்லை. உண்மையாகவே பரிதாபப்பட்டாள். அதற்கு அவள் என்னை அறைந்திருக்கலாம்.

மத்தியானம் புறப்பட்டோம். பாபநாசம் தாண்டி ஒரு டீக்கடையில் வண்டியை நிறுத்தினார். டீ வந்தது. வாட்சைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றி என்னிடம் நீட்டினார்.

"கடைக்காரருகிட்ட எனக்குன்னு சொன்னியா?"

"ஆமாங்க."

"ஏன்?"

நான் சொன்னேன். அப்பா அன்றைக்குச் சபையில் சொன்னது, எல்லாரும் சிரித்தது, இப்போது விலையைப் பார்க்காதே என்றது, கடையில் அவர் கையைப் பார்த்தபோது எனக்கு வந்த அழுகை, எல்லாவற்றையும் கொட்டினேன். உங்களுக்காகத்தான் என்றேன். அவர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல் கேட்டார்.

"எனக்கு அது நெனப்பே இல்ல" என்றார். "வயல்ல எறங்குறவன்னு உங்கப்பா சொன்னாரு. எறங்குறவன்தானே? அதுல எனக்கு என்ன கொறச்சல்? இத்தனை வருஷமும் வாட்ச் இல்லாத மாப்பிள்ளையா உங்க வீட்டுக்கு நிமிர்ந்து போயிட்டு வந்தேன். இனிமே சின்னவருக்கு வாங்குனத ஆசப்பட்டு எடுத்துக்கிட்டவன்." டீயைக் குடித்து முடித்தார். "உனக்கு உன் தங்கச்சி மேல கோவம். அதுல என் பேரு எதுக்கு?" என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு, பஸ் பிடித்துத் தஞ்சாவூர் போய், அங்கிருந்து தாராசுரம் போனேன். போகும் வழியெல்லாம் என்ன சொல்ல வேண்டும் என்று வரிவரியாக மனதில் அடுக்கிக்கொண்டேன். வீட்டில் அப்பா தாம்பூல மிச்சங்களைப் பிரித்துக்கொண்டிருந்தார். அம்மா காப்பி கொண்டுவந்து வைத்தாள்.

நான் உட்காரக்கூட இல்லை. "அப்பா, வாட்ச் அளவ மாத்தினது அவரு இல்ல. அவருக்குத் தெரியவே தெரியாது. அவரு போன் பேச வெளியில போயிருந்தாரு. நான்தான் கடைக்காரருகிட்ட எடுத்துடுங்கன்னு சொன்னேன். கழட்டின கண்ணியக்கூட நான்தான் வேணாம்னு வெச்சுட்டு வந்தேன். எனக்குத் தங்கச்சி மேல பொறாமைப்பா" என்றேன்.

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா கையிலிருந்த வெற்றிலையைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து வந்து, என் தலையில் கை வைத்தார்.

"புரியுதும்மா. புருஷன விட்டுக்கொடுக்காம பழியத் தூக்கி உன் தலையில போட்டுக்கிற. உன்ன நல்லாத்தான் வளத்திருக்கேன்."

"இல்லப்பா. சத்தியமா நான்தான்."

"சரி, நீதான். விடு. ஒரு மனுஷன் ஒரு பொருளுக்கு ஆசப்படுறது பெரிய குத்தமா? காப்பி ஆறுது, குடி."

நான் மறுபடியும் ஆரம்பித்தேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அம்மாவின் பக்கம் திரும்பி, இந்த விஷயத்தைப் பற்றிப் பெரிய மாப்பிள்ளையின் காதுபட இனி இந்த வீட்டில் யாரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது, அவர் மனசு கஷ்டப்படும் என்று கண்டிப்பாகச் சொன்னார். அம்மா தலையாட்டினாள்.